துக்க வீட்டுப் பிரார்த்தனை (யூத சமயம்)

தந்தை, தாய், மக்கள், உடன்பிறந்தார், கணவன் அல்லது மனைவி ஆகிய நெருங்கிய உறவினருள் ஒருவரை இழந்த யூதர்கள், நல்லடக்கம் நிகழ்ந்த நாள் தொடங்கி 7 நாட்கள் வீட்டைவிட்டு அகலாது, தாழ்ந்த ஆசனங்களில் அமர்ந்து துக்கம் காப்பதற்கு ‘ஷிவா’ என்று பெயர். யாக்கோபுக்காக யோசேப்பு ஏழு நாள் துக்கம் கொண்டாடியதாக ஆதியாகமம் கூறுவதை இவ்வழக்கத்துக்குப் பிரமாணமாகக் காட்டுவர். துக்கம் காப்போர் இந்நாட்களில் ஜெப ஆலயத்துக்குச் செல்லாமையால், சமூகமே அவர்கள் இல்லத்துக்கு வந்து காலை, பிற்பகல், மாலை ஆகிய மூவேளைப் பிரார்த்தனையையும் நடத்துகிறது.

பொதுப் பிரார்த்தனைக்குப் பதின்மர் கூடிய ‘மின்யான்’ இன்றியமையாதது. வைதிக மரபினர் 13 வயது நிரம்பிய ஆடவரையே கணக்கில் கொள்ள, சீர்திருத்த மரபினர் மகளிரையும் சேர்த்துக்கொள்வர். துக்கம் காக்க ஒருவருமின்றி அண்டை வீட்டான் இறந்தபோது, ரபி யெகூதா நாள்தோறும் பத்துப் பேரை அழைத்துச் சென்று ஏழு நாளும் அவ்விடத்தில் அமர்த்தினார் என்றும், இறந்தவன் கனவில் தோன்றித் தன் மனத்துக்கு அமைதி அளித்தமைக்காக அவரை வாழ்த்தினான் என்றும் பாபிலோனியத் தல்மூத் உரைக்கிறது. ஆறுதல் அளிப்பதை உறவினரின் கடனாக மட்டும் கருதாமல், ஊராரின் தர்மமாகவே யூத சமயம் வகுத்த மேன்மை இதனால் விளங்கும்.

வழக்கமான பிரார்த்தனை முறை துக்க வீட்டில் சில மாறுதல்களை அடைகிறது. தலையைக் கரத்தின்மீது கவிழ்த்துப் பாவமன்னிப்பு வேண்டும் ‘தஹனூன்’ என்னும் மன்றாட்டு விடப்படுகிறது. அமாவாசைக்குப்பின் மாதம் பிறக்கும் நாளில் பாடும் ‘ஹல்லேல்’ என்னும் மகிழ்ச்சித் துதியையும் பல இடங்களில் தவிர்ப்பர். செல்வம் எவரையும் மரணத்தினின்று மீட்காது என்று உணர்த்தும் 49ஆம் சங்கீதம் பலரால் சேர்த்து ஓதப்படுகிறது. துக்க வீட்டில் கண்ணாடிகளைத் துணியால் மூடும் வழக்கத்துக்கு, பிரதிபிம்பத்தின் முன் நின்று தொழலாகாது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படும். ஓய்வுநாளில் மட்டும் வெளிப்படையான துக்கம் நிறுத்தப்பட, துக்கம் காப்போர் ஜெப ஆலயத்துக்குச் செல்வர்.

இவ்வழிபாட்டின் சிகரம் ‘கதீஷ்’ ஆகும். பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்த இத்துதியில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரிவின் வேதனை மிகுந்த வேளையிலே இறைவனின் நாமத்தை மகிமைப்படுத்துமாறு துக்கம் காப்பவர் எழுந்து நின்று சொல்ல, கூடியிருப்போர் ‘ஆமேன்’ என்று மறுமொழி கூறுவர். பெற்றோருக்காக இது ஷிவா முடிந்த பின்னும் தொடர்ந்து ஓதப்படுகிறது. தீயோர் பெறும் தண்டனை 12 மாதம் நீடிக்கும் என்பது மரபான நம்பிக்கையாதலால், தம் பெற்றோரைத் தீயோராக எண்ணுவதாகத் தோன்றாதிருக்கும் பொருட்டு, பிள்ளைகள் 11 மாதங்களோடு அதனை நிறுத்திக்கொள்வது பரவலான வழக்கம்.