மணலில் எழுதியதும் ஏட்டில் ஏறியதும்

1822ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, தம் ஆளுகைக்கு உட்பட்ட நாட்டில் பள்ளிக்கூடங்கள் எத்தனை, அவற்றில் எந்தெந்த ஜாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை அறிய விரும்பிக் கட்டம் போட்ட பத்திரம் ஒன்றைத் தயாரித்து, அதை நிரப்பி அனுப்பும்படி ஜில்லாக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். பதில்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதற்குள் வருஷங்கள் கடந்தன. 1826 மார்ச்சு 10ஆம் தேதி அவர் எழுதிய குறிப்பில் தொகை காணப்படுகிறது: ஒரு கோடியே 28 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகைக்குப் பள்ளிகள் 12,498, அவற்றில் படித்தவர்கள் 1,88,650 பேர். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற விகிதம் அன்று பலரையும் வியக்கச் செய்தது. இன்றும் இதை எடுத்துக்காட்டி வாதிடுவோர் உண்டு.

என் மனத்தைக் கவர்வது அந்தத் தொகையன்று. அதன் ஓரத்தில் நிற்கும் வேறோர் எண். சென்னைப் பட்டணத்தில் மாத்திரம், பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே பாடம் கேட்ட பிள்ளைகளையும் எண்ணி எழுதியிருந்தார்கள். அவர்கள் 26,903 பேர். பள்ளிக்குச் சென்றவர்களைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு! இதில் ஏதோ பிழை இருக்கவேண்டும் என்று மன்றோ ஐயுற்றார். ஆயினும் உறவினரிடமோ தனி உபாத்தியாயரிடமோ வீட்டில் பாடம் கேட்கும் வழக்கம் தேசம் எங்கும் உள்ளதுதான் என்பதை ஒப்புக்கொண்டு, மற்ற ஜில்லாக்கள் அந்தக் கணக்கை அனுப்பாத குறையை நினைந்து, கல்வி பெறும் சிறுவர்களின் பங்கு நாலில் ஒன்று என்பதைவிட மூன்றில் ஒன்றுக்கு நெருங்கியது என்றே மதிப்பிட்டார். கலெக்டர்களின் கட்டத்துக்குள் அடங்காமல் நழுவிய அந்த வீட்டுக் கல்வியும், அதன் உடன்பிறப்பாகிய திண்ணைக் கல்வியும் பாடத்தை எவ்வாறு தேர்ந்தன, கற்றதை எவ்வாறு பதிந்து வைத்தன என்பதைப் பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொல்ல முற்படும் இக்காலப் பெற்றோர் அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறேன்.

வித்தியாரம்பத்தன்று அரிசியில் விரல் பிடித்து எழுதிய பாலகன், அதன்பின் அரிச்சுவடியும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் உலகநீதியும் கற்றான்; கூடவே எண்சுவடி நடந்தது. இதுவரை யாவருக்கும் பொது. இதற்கு மேல் எதில் பிள்ளை நிலைக்கவேண்டும் என்பதை அவன் குடும்பமும் உபாத்தியாயரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். வித்துவான் வீட்டுப் பிள்ளைக்கு நிகண்டும் அந்தாதியும் நன்னூலும் காத்திருந்தன. கடைக்காரர் மகனுக்குப் பொன்னிலக்கமும், நெல் அளக்கும் வீட்டுப் பிள்ளைக்கு நெல்லிலக்கமும், கணக்குப்பிள்ளையின் மகனுக்கு நில அளவைச் சொல்லும் குழிமாத்தும் கைவசம் இருந்தாகவேண்டும்.

எண்சுவடியைச் சற்று அருகே வைத்துப் பார்ப்போம். அதன் பின்னங்கள் முந்திரியில் தொடங்குகின்றன. முந்திரி என்பது ஒன்றை 320 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. அதிலிருந்து அரைக்காணி, காணி, அரைமா, மா என்று ஏறிக் கால், அரை, முக்கால் வரையில் சிறுவன் வாய்ப்பாடாகச் சொல்லவேண்டும். காணி எண்பதில் ஒன்று. மா இருபதில் ஒன்று. தஞ்சை நாட்டில் ஒரு வேலி நிலத்தை இருபதாக வகுத்தால் கிடைக்கும் 100 குழிக்கும் மா என்றே பெயர். ஆகவே திண்ணையில் 'மா' என்று நெட்டுருப் போட்ட பிள்ளை, மாலையில் தகப்பனாரோடு வரப்பின்மேல் நடக்கும்போது அதே மாவைக் காலால் மிதித்தான். நெல்லிலக்கமும் அத்தகையதே: எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம் என்பதைக் களத்து மேட்டில் மரக்கால் விழும் ஓசையோடு சேர்த்தே அவன் கற்றான். ஊரின் தொழிலுக்கு ஏற்ற பாடம் எது என்று ஆராய எந்தச் சபையும் கூடவில்லை. பாடமே ஊரின் அளவைகளிலிருந்து முளைத்தது.

இனிப் பதிவுக்கு வருவோம். முதலில் மணல்: தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லி, அழித்து, மறுபடியும் எழுதுவது. சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளி ஒன்றில் இதைக் கண்டு தம் மாணவர்களுக்கும் கைக்கொண்டு, 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார் என்பதை இங்கே சொல்லிச் செல்லுகிறேன். மணலில் கை தேறிய பிறகே ஓலை கொடுக்கப்படும். உபாத்தியாயர் எழுதிக் கொடுத்த மேல்வரிச்சட்டத்தைப் பார்த்து, இடக்கையில் ஓலையைப் பிடித்து, அக்கைப் பெருவிரல் நகத்தின்மேல் எழுத்தாணியைத் தாங்கி, ஓலையை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பிள்ளை கீறுவான். கீறிய எழுத்துக் கண்ணுக்குப் புலப்பட, மஞ்சளும் வசம்புக் கரியும் ஊமத்தையிலைச் சாறும் தடவி மையாடுவார்கள். புள்ளியும் எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டாத அந்த ஏட்டை, பாடம் முன்பே நெஞ்சில் இருந்தவனே சரளமாக வாசிக்க முடியும். ஆகவே பிள்ளை தன் கையால் எழுதி முடித்த எண்சுவடி, அவனுக்குப் பாடபுஸ்தகமாகவும், அவன் எதுவரை வந்திருக்கிறான் என்பதற்கு அத்தாட்சியாகவும் ஒருங்கே விளங்கிற்று. மேலும், மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர், ஓர் ஊரின் பெயர் சொல்லியனுப்பி மறுநாள் காலையில் கேட்பார்கள். ஞாபகமும் நாள்தோறும் கணக்குப் பார்க்கப்பட்டது.

மேற்படிப்பில் புஸ்தகத்தைத் தேடுவதும் ஆசிரியரைத் தேடுவதும் ஒன்றே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தமிழ் கற்றது தம் தந்தையாரிடமே. 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையருடைய தகப்பனார் சங்கீத வித்துவான். மகனுக்குத் தமிழில்தான் மோகம் என்று கண்டபின், அரியலூரில் ஒருவர், குன்னத்தில் ஒருவர், கார்குடியில் ஒருவர் என்று ஒவ்வொரு நூலுக்கும் தக்காரைத் தேடிக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் பெயர்ந்தார். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் கேட்ட பிறகு, 1871இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் பையனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கையில் பொருள் இல்லாத ஒரு தந்தை, பிள்ளையின் நாட்டத்தைக் கண்டு பாடத்திட்டத்தை வருஷந்தோறும் மாற்றி அமைத்த இந்தச் சரித்திரத்துக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றை மறைப்பது தர்மமாகாது. அத்திண்ணைகளில் பெண்குழந்தைகள் மிகச் சிலரே உட்கார்ந்தனர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் தெருவே அடைத்திருந்தது. பிரம்படியும், கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டமும் கற்பித்தலோடு கலந்திருந்தன. அவை ஒழிந்ததற்காக வருந்துவார் யாரும் இருக்க முடியாது.

1854இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. உதவித்தொகையும் இன்ஸ்பெக்டரும் ஆஜர்ப் பட்டியலும் தொடர்ந்தன. எண்சுவடியும் அச்சேறிக் கடைகளில் விலைக்குக் கிடைத்தது. தன் பாடபுஸ்தகத்தைத் தானே எழுதிக்கொள்ளும் வேலை பிள்ளையின் கையைவிட்டுப் போயிற்று. 1957 ஏப்ரலில் நயா பைசாவும், அதையடுத்துக் கிலோவும் லிட்டரும் வந்தபின், முந்திரியும் நாழியும் வழக்கிலிருந்து தேய்ந்தன. பழைய சுவடிகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவது புண்ணியம் என்ற எண்ணத்தால் எத்தனையோ வீடுகளின் ஏடுகள் வெள்ளத்தோடு சென்றன.

எஞ்சியவை இன்னும் சில பரண்களில் கிடக்கக்கூடும். கட்டை அவிழ்த்ததும் புராணமும் இல்லை, வைத்தியமும் இல்லை, ஏதோ ஒரு பிள்ளையின் கோணல் எழுத்தில் வாய்ப்பாடுதான் இருக்கிறது என்று கண்டு அதை எறிந்துவிடவேண்டாம். தஞ்சைச் சரஸ்வதி மகாலிலோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலோ அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.