முந்நூற்றி நாலு: திண்ணையும் திரையும்

கவிழ்ந்து விழுந்த கடதாசிகளைத் துரும்புக்காரர் தூக்கிப் பார்க்கிறாரே, முந்நூற்றி நாலு என்ற கடதாசி ஆட்டத்தின் உயிர் அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது. வெட்டு விழுந்ததா இல்லையா என்பது முதலில் அவருக்கு மட்டுமே தெரியும். மற்ற மூவரும் அவர் கண்ணைப் பார்ப்பார்கள். வாசிகசாலைத் திண்ணையிலும் செத்தவீட்டு இரவுகளிலும் ஆடிப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இப்போது அதே ஆட்டம் கைபேசிக்குள் வந்துவிட்டது. கோண்டாவிலில் இருப்பவரும் ரொறன்ரோவில் இருப்பவரும் பாட்னராக இருந்து ஆடுகிறார்கள். இரண்டும் ஒரே ஆட்டம்தானா?

கணக்கைப் பார்த்தால் ஒன்றுதான். ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் 304. நாலு கடதாசி கைக்கு வந்ததும், எத்தனை புள்ளி எடுப்போம் என்ற கேள்வி தொடங்கும். கூடக் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அதன் பிறகுதான் மிச்ச நாலும் வரும். பாதிக் கையை வைத்துக்கொண்டு வாக்குக் கொடுக்கிற ஆட்டம் இது. ஜாக்கும் ஒன்பதும் ஆசுக்கு மேலே ஏறி நிற்பது ஒல்லாந்தரின் சீட்டாட்டங்களிலும் உண்டு. ஸ்கோப்பன், கலாவரை என்று நாம் சொல்லும் இனப் பெயர்களும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. கேரளத்தின் 28, 56 என்ற ஆட்டங்களும் இதற்கு உறவுதான். அங்கே தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

திரை சில நன்மைகளைச் செய்திருக்கிறது. இனம் கையில் இருக்க வேறொன்றை இறக்கும் தவறு அங்கே நடக்காது, செயலி விடாது. புள்ளி எண்ணுவதில் சண்டை இல்லை. வேகமும் கூட. போக்கர் ஆடுவோர் இதை நன்கு அறிவார்கள்: நேரடி மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் வரை முடிந்தால், இணையத்தில் அதன் இருமடங்கு முடியும். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், இணையத்தில் 86 டொலர் கட்டி ஆடிய தகுதிப் போட்டி வழியாக லாஸ் வேகாஸ் உலகப் போட்டிக்குப் போய் 25 இலட்சம் டொலர் வென்றார். திரையில் பழகிய கை மேசையிலும் வெல்லும் என்பதை அவர் காட்டினார். நம் பிள்ளைகளும் அப்படியே கைபேசியில் கணக்கைப் பழகலாம்; அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் போக்கரில் ஒவ்வொருவரும் தனி ஆள். முந்நூற்றி நாலு பாட்னரோடு ஆடுவது. எதிரில் இருப்பவர் தயங்கும் விதம், கடதாசியை வைக்கும் விதம், கேள்வியை ஏற்றும் குரல் எல்லாம் பல வருடப் பழக்கத்தில் விளங்குகிறவை. திரை அதையெல்லாம் ஒரு நேரக் கடிகாரமாகச் சுருக்கிவிட்டது. பாட்னர் யோசிக்கிறாரா, இணைப்பு அறுந்ததா என்றுகூடத் தெரியாது. கள்ளச் சாடை மேசையிலும் உண்டுதான். ஆனால் அங்கே கண் சிமிட்டினால் மூன்றாவது ஆள் பிடித்துவிடுவார். கைபேசி ஆட்டத்தில் இருவர் இன்னொரு தொலைபேசியில் கடதாசியைச் சொல்லிக்கொண்டிருந்தால் யார் பிடிப்பது?

எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது, ஆட்டம் முடிந்த பிறகு வருகிற விவாதம் இல்லாமல் போனதுதான். "அந்த ஒன்பதை ஏன் அப்பவே இறக்கேல்லை?" என்று பெரியவர் கேட்க, இளையவர் கடதாசிகளை மறுபடி விரித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆட்டம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போனது அந்தப் பத்து நிமிடத்தில்தான். திரையில் "அடுத்த ஆட்டம்" என்ற பொத்தான் அதற்குள் வந்து நிற்கிறது.

காசு விசயத்தில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. கசினோ கொழும்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் அதற்குப் போக இரவு முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். அந்தத் தூரமே ஒரு வேலியாக இருந்தது. கைபேசிக்கு அந்த வேலி இல்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை இந்தியா 2025 ஓகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது. அதற்கு முன்பே தமிழ்நாட்டில் கடன்பட்டு உயிரை மாய்த்தவர்கள் உண்டு. திண்ணையில் தோற்றவருக்குக் கேலி கிடைக்கும், தேத்தண்ணிக் காசும் அவர் தலையில் விழும். அடுத்த நாளும் அதே இடத்தில் வந்து இருப்பார்.

ஆட்களைச் சேர்ப்பதில் திரை வெல்கிறது. ஆட்டமாக எடுத்தால் திண்ணைதான் எனக்கு மேல். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிற மருமக்களே, ஒரு பின்னேரம் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வாசிகசாலைப் பக்கம் வாருங்கள். பல இடங்களில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். நாலாவது கைக்கு ஆள் வேண்டும்.