உடைக்குப் பின் வந்த நடனம்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் ஐரோப்பிய பாலே மேடையில் ஏற்பட்ட மாற்றங்களுள் மிகவும் அடிப்படையானது, உடைக்கும் அசைவுக்கும் இடையே நிலவிய உறவு தலைகீழானதே ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாலேயில் உடை நடனத்துக்கு அடங்கியிருந்தது. டூட்டு எனப்படும் விறைத்து நிற்கும் பாவாடை காலப்போக்கில் குட்டையானதும் ஆடுபவளின் கால்வேலை முழுவதும் அவையோரின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே. இவ்வொழுங்கு போர்க்காலத்திலேயே ஆட்டம் காணத் தொடங்கிற்று. 1917ஆம் ஆண்டு பாரிசில் செர்கேய் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு அரங்கேற்றிய 'பராது'க்காகப் பிக்காசோ அட்டையால் கட்டியெழுப்பிய உருவங்கள், தம்மைச் சுமந்தவரின் உடலை ஏறக்குறைய முற்றிலும் மறைத்துவிட்டன.

போருக்குப் பின் ரோல்ஃப் த மாரே நடத்திய ஸ்வீடிய பாலே குழு இத்துணிவை மேலும் முன்கொண்டு சென்றது. 1923இல் மேடையேறிய 'உலகப் படைப்பு'க்கு ஆடையும் அரங்கமும் அமைத்த ஓவியர் ஃபெர்னான் லெஜே, மலர்களையும் விலங்குகளையும் வாயு நிரப்பிய தோற்பைகளாகச் செய்து, படைப்பு நிகழும் கணத்தில் அவற்றைப் பறக்கவிட விரும்பினார். ஆனால் வாயு நிரப்பும் கருவிகளின் இரைச்சல் தாரியஸ் மியோவின் இசையை மூழ்கடித்துவிடும் என்பதால் அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு 'ரெலாஷ்' என்னும் படைப்பில், ஓவியர் பிகாபியா ஒளி எதிரொளிப்பான்கள் பதித்த பின்திரையை நிறுத்தி அவையோரின் கண்களைக் கூசவைத்தார். புதுமையில் குறைவில்லாத இம்முயற்சிகளில் பலவற்றில் ஓவியரின் கற்பனையும் நடனமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் தனித்தனியே நின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பொருத்தத்தை ஆழமாக ஆராய்ந்தவர் ஜெர்மானிய ஓவியரும் சிற்பியுமான ஒஸ்கர் ஷ்லெம்மர். 1922 செப்டம்பர் 30 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் முழுமையாக அரங்கேறிய அவரது 'மும்மை பாலே', பெயருக்கேற்ப எல்லாவற்றையும் மூன்றாகவே அடுக்கியது: மூன்று ஆட்டக்காரர்கள், மஞ்சள், இளஞ்சிவப்பு, கறுப்பு என மூன்று பகுதிகள், முறையே நகைப்பும், விழாவின் மிடுக்கும், மறைபொருளின் மருட்சியும். பன்னிரண்டு நடனங்களுக்கு 18 உடைகள் இருந்தன. பஞ்சு பொதிந்த துணி, காகிதக்கூழ், மரம், கம்பி, உலோகம் ஆகியவற்றால் ஆன இவற்றை உடை என்பதைவிட ஆள் புகுந்து நடக்கும் சிற்பம் என்பதே பொருந்தும். முதலில் உடை, பின்னர் அதற்கேற்ற இசை, இவ்விரண்டிலிருந்தும் பிறக்கும் நடனம் என்பதே ஷ்லெம்மர் பின்பற்றிய வரிசை. கம்பிச் சுருள்களே பாவாடையாக விரிந்து நின்ற உருவத்துக்குள் இருந்தவளால் கையை இடுப்போடு ஒட்டவைக்க இயலாது. ஆனால் அவள் சுழலும்போது அக்கம்பிகள் வெளியில் வட்டங்களை வரைந்துகாட்டின. இறுதிப் பகுதியில் தோன்றும் 'அருவ' உருவத்தின் பருத்த வெண்ணிறக் கால் மட்டும் கருந்திரைக்கு முன் துலங்க, உடலின் கருநிறப் பகுதிகள் இருளில் கரைந்துபோயின.

பௌஹவுஸ் கலைப்பள்ளியில் நாடக அரங்கப் பிரிவை நடத்திய காலத்தில், 1925இல் வெளியான கட்டுரையொன்றில் அவர் இதற்குக் கோட்பாடும் வகுத்தார். மேடைவெளியின் கனசதுர இயல்பு உடலின்மீது ஏற்றப்பட்டால் அது நடமாடும் கட்டடமாகும். உடலுறுப்புகளின் இயல்பான வடிவங்களே மிகைப்படுத்தப்பட்டால் அது மூட்டுப் பொம்மையாகும் என்பன அவர் வகுத்த நால்வகையில் இரண்டு. மனிதனை இயந்திரமாக்கியவர் என்று அவரைப் பழிப்பது எளிது, ஆனால் நியாயமன்று. உடை இடும் தடையே ஆடுபவருக்குத் தன் உடலையும் தன்னைச் சூழ்ந்த வெளியையும் உணர்த்துகிறது என்பதுதான் அவரது கண்டுபிடிப்பு. எனினும் 1926இல் பவுல் ஹிண்டமித் 'மும்மை பாலே'க்கு இயந்திர ஆர்கனில் இசைக்கும் இசையை எழுதியது பழிப்போருக்கு வாய்ப்பாகவே அமைந்தது.

1932இல் பாரிசில் நடந்த, 'மும்மை பாலே'யும் பங்கேற்ற பன்னாட்டு நடனப் போட்டியில் முதற்பரிசு, போரைச் சாடிய குர்ட் யோசின் 'பச்சை மேசை'க்குச் சென்றது. அடுத்த ஆண்டு நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஷ்லெம்மர் ஆசிரியப் பணியை இழந்தார். 1937இல் அவரது ஓவியங்கள் 'சீரழிந்த கலை' கண்காட்சியில் இகழ்ச்சிக்காக மாட்டப்பட்டன. 1943இல் அவர் காலமானார். ஸ்டுட்கார்ட் அரசு அருங்காட்சியகத்தில் அசல் உடைகளுள் சில இன்றும் நிற்கின்றன. அசைவுகளின் முழுமையான பதிவு எஞ்சாததால், 1977இல் இப்படைப்பை மீண்டும் மேடையேற்றிய கெர்ஹார்ட் போனர், மீட்டுருவாக்கிய உடைகளுக்கு ஏற்ப நடனத்தைப் புதிதாகவே அமைத்தார்.