புயல்: ஒரு பட்டப்பெயரின் சொல்வரலாறு

இசைப்புயல் என்றால் ஏ. ஆர். ரகுமான், வைகைப்புயல் என்றால் வடிவேலு. தானா ராத்தாவின் தேயிலைத் தோட்டத் தமிழரும் இப்பெயர்களை நன்கறிவர். ஆயினும் நிலநடுக்கோட்டை ஒட்டிய மலேசியாவில் புயல் கரைகடப்பது மிக அரிது. 2001 டிசம்பரில் ஜொகூரைத் தாக்கிய வாமெய் ஒரு விதிவிலக்கு. புயலறியா நிலத்தில் புயல் எங்ஙனம் புகழ்மொழியாக நிலைபெற்றது?

பெயர் திரைப்படத்தோடு வந்தது. பொருளோ தமிழில் முன்பே இருந்தது. திருக்குறளின் 14ஆம் குறளில் புயல் என்பது உழவர் நம்பியிருக்கும் மழை. மேகத்தையும் மழையையும் குறித்த அச்சொல், பின்னரே அழிக்கும் காற்றைச் சுட்டலாயிற்று.

ஸ்னூக்கர் வீரர் அலெக்ஸ் ஹிக்கின்ஸ் 'சூறாவளி' எனப்பட்டது ஆட்டவேகம் கருதி. 1998 ஏப்ரல் 22 அன்று சார்ஜாவில் மணற்புயல் ஆட்டத்தை நிறுத்தியது. அன்று டெண்டுல்கர் குவித்த 143 ஓட்டங்கள் 'பாலைவனப் புயல்' எனப் பெயர்பெற்றன. முன்னதில் வேகம், பின்னதில் நிகழ்வு.

தமிழ்த் தொகைச்சொல்லோ துறையையோ ஆற்றையோ முன்னிறுத்திப் புயலைப் பின்வைக்கிறது. வைகை மதுரை மண்ணைச் சுட்டுகிறது. இசைப்புயல் அழிப்பதன்று, பொழிவது. மழையை நம்பித் தளிர்க்கும் இம்மலையின் மாணவர்க்கு அப்பழம்பொருளை எடுத்துரைப்பது நம் கடன்.