வெளிநாட்டில் அலைச்சறுக்கு முகாம்: பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

சுங்காய் வட்டாரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, ஆறு இருக்கிறது. ஆனால் பலகையில் ஏறி நின்று சறுக்கும் அளவுக்கு அலை வேண்டுமென்றால் பேராக் கடற்கரையில் கிடைக்காது. அதனால்தான் பாலி, இலங்கை, சென்னை என்று அலைச்சறுக்கு முகாம்களைத் தேடும் இளையோர் இங்கேயும் இருக்கிறார்கள். 'சர்ஃப் கேம்ப்' என்ற பெயரில் இணையத்தில் வரும் விளம்பரங்கள் எல்லாம் ஒரே மாதிரி அழகாகத்தான் இருக்கும். எதை நம்புவது, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? இதோ விளக்கம்.

நம்ம பக்கம் ஏன் அலை இல்லை?

பெரிய அலைகள் பெரும்பாலும் கரையோரத்தில் உருவாவதில்லை. தொலைவில், ஆழ்கடலில் வீசும் பலத்த காற்றால் உருவாகி, பல நாள் பயணம் செய்து கரையை அடைகின்றன. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் அலைகளைச் சுமத்ரா தீவு மறித்துவிடுகிறது. அதனால் மலாக்கா நீரிணைக் கரையில் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

கிழக்குக் கரை அப்படியல்ல. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலில் அலையை எழுப்பும். பகாங் மாநிலத்தின் செராத்திங் அந்த மாதங்களில் அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற இடம்.

முதன்முறையாகப் பலகையில் ஏறப் போகிறவர்கள், வெளிநாட்டுக்குக் காசு செலவழிக்கும் முன் ஒரு வார இறுதியில் செராத்திங் போய் ஒரு பாடம் எடுத்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பெரிய நட்டம் இல்லை. பிடித்துவிட்டால், அடுத்து எந்த முகாம் என்று யோசிக்கத் தெளிவும் கிடைக்கும்.

எப்ப லீவு? அதை வச்சுதான் இடம்

பலர் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு விடுப்பு எடுக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அலைக்குப் பருவம் உண்டு.

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டம் பொத்துவில்லை ஒட்டியுள்ள அறுகம்குடாவில் மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். அதே இலங்கையின் தென்மேற்கில் உள்ள வெலிகம, ஹிக்கடுவ கடற்கரைகளுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். ஆக, டிசம்பர் விடுமுறைக்கு அறுகம்குடாவில் முகாம் பதிவு செய்தால், மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலத்தில் மேற்குக் கரையான குத்தா, சங்கு பக்கம் நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் கிழக்குப் பக்கமுள்ள சானூர், நூசா துவா பக்கம் ஆட்கள் மாறிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் கோவளம் இந்த விளையாட்டுக்குப் பெயர்பெற்ற மீனவ கிராமம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் உருவானால் கடலில் இறங்கவே விடமாட்டார்கள். புதிதாகக் கற்பவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், ஆண்டு நடுவில் விடுப்பு என்றால் அறுகம்குடா, பாலி, கோவளம். ஆண்டு இறுதியில் என்றால் வெலிகம.

கோவளம் எப்படி இந்த இடத்துக்கு வந்தது?

கோவளத்தைச் சேர்ந்த மீனவர் மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவுடன் 2012-இல் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளிதான் இதற்கு வழி திறந்தது. உள்ளூர் மீனவ இளைஞர்கள் பயிற்றுநர்களாக உருவானார்கள். 2021-இல் கோவளம் கடற்கரைக்கு 'நீலக் கொடி' தரச்சான்று கிடைத்தது. அருகிலுள்ள மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் அனைத்துலக அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய வெற்றியாளர் போட்டியும் அங்கேயே நடைபெற்றது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அலை வரும்போது பயிற்றுநர் 'எழுந்திரு', 'முட்டியை மடக்கு' என்று தமிழிலேயே கத்துவார். புரியாமல் விழுவது குறையும். பொத்துவில் பகுதியிலும் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம்.

ஒரு எச்சரிக்கை: கேரளாவிலும் திருவனந்தபுரம் அருகே ஒரு கோவளம் இருக்கிறது. அதேபோல பாலியில் ஒரு குத்தா, லொம்போக் தீவில் இன்னொரு குத்தா. விமான டிக்கெட் வாங்கும் முன் எந்த ஊர் என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீச்சல் தெரியாது, போகலாமா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. 'பலகை மிதக்கும், காலில் கயிறு கட்டியிருக்கும், ஒண்ணும் ஆகாது' என்று சில முகாம்கள் சொல்லும். அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கயிறு அறுந்து போகலாம். பலகை கையை விட்டுப் போனால் கரைக்குத் திரும்ப உங்கள் கைகால்தான் துணை.

ஆற்றில் குளித்து வளர்ந்தவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆற்று நீச்சல் வேறு, கடல் நீச்சல் வேறு. கடலில் கரையிலிருந்து உள்நோக்கி இழுக்கும் நீரோட்டம் இருக்கும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி வலுவை இழக்கக் கூடாது. பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை குறைந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நீச்சல் குளத்தில் பயிற்சி எடுங்கள். நிற்காமல் 50 மீட்டராவது நீந்தவும், சில நிமிடம் மிதக்கவும் முடிந்த பிறகு முகாமைத் தேடுங்கள். நீச்சல் தெரியுமா என்று உங்களிடம் கேட்காமலேயே பதிவு செய்துகொள்ளும் முகாம் என்றால், அதுவே அதைத் தவிர்க்கப் போதுமான காரணம்.

அலையின் அடியில் என்ன இருக்கிறது?

படத்தில் தெரியும் அலையை விட, அதன் அடியில் மணலா பாறையா என்பது முக்கியம். புதியவர்கள் நூறு முறை விழுவார்கள். மணல் என்றால் சிராய்ப்போடு போகும். பவளப்பாறை என்றால் தையல் போட வேண்டிவரும்.

பாலியில் குத்தா கடற்கரை மணல். உலுவாத்து பாறை அடிப்பகுதி. அது அனுபவசாலிகளுக்கான இடம். அறுகம்குடாவிலும் 'மெயின் பாயிண்ட்' புதியவர்களுக்கு அல்ல. 'பேபி பாயிண்ட்', 'விஸ்கி பாயிண்ட்', 'பீனட் ஃபார்ம்' ஆகிய இடங்களில்தான் கற்றுக்கொடுப்பார்கள். ஒரு முகாம் எங்கே தங்கவைக்கிறது என்பதோடு, எந்த இடத்தில் கடலில் இறக்குகிறது என்றும் கேளுங்கள்.

முகாமிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

வாட்ஸ்அப்பில் இதை அப்படியே அனுப்பலாம்.

1. பயிற்றுநருக்கு அனைத்துலக அலைச்சறுக்குச் சங்கத்தின் சான்றிதழோ, அந்நாட்டுச் சம்மேளனத்தின் சான்றிதழோ இருக்கிறதா? நீரில் மீட்புப் பயிற்சி, முதலுதவிப் பயிற்சி பெற்றவரா?
2. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? நான்கைந்து பேர் என்றால் நல்லது. பத்து பேர் என்றால் உங்களைக் கவனிக்க ஆளிருக்காது.
3. புதியவர்களுக்கு மெத்தென்ற 'ஃபோம்' பலகை தருவார்களா?
4. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கடலில்? ஏழு நாள் முகாம் என்று போட்டிருக்கும்; பாடம் ஐந்து நாள்தான் இருக்கும்.
5. அலை இல்லாத நாளிலோ, கடல் மோசமான நாளிலோ என்ன செய்வார்கள்? பணம் திரும்புமா?
6. விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போவது கட்டணத்தில் சேருமா? கொழும்பிலிருந்து அறுகம்குடாவுக்குச் சாலைவழி 300 கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு நாளே போய்விடும்.
7. சைவச் சாப்பாடு, ஹலால் சாப்பாடு கிடைக்குமா? பெண்களுக்குத் தனி அறையும் பெண் பயிற்றுநரும் உண்டா?

ஏழுக்கும் நேராகப் பதில் வந்தால் நம்பலாம். 'வாங்க, பாத்துக்கலாம்' என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம், விசாரித்துவிட்டு. அறுகம்குடாவில் உள்ளூர்ப் பெண்களே தங்களுக்கென ஓர் அலைச்சறுக்கு மன்றம் நடத்துகிறார்கள். கடலில் முழுக்கை 'ரேஷ் கார்ட்' சட்டையும் நீளக் கால்சட்டையும் அணிவது வெயிலுக்கும் சிராய்ப்புக்கும் நல்லது. பொத்துவில் முஸ்லிம் மக்கள் அதிகம் வாழும் ஊர். கடற்கரையை விட்டு ஊருக்குள் வரும்போது அதற்கேற்ற உடையில் இருப்பது மரியாதை.

காப்புறுதி, ஆவணங்கள்

பயணக் காப்புறுதி எடுத்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சில திட்டங்கள் அலைச்சறுக்கை ஆபத்தான விளையாட்டு என்று சொல்லி விலக்கிவைக்கும். 'சர்ஃபிங்கில் அடிபட்டால் கொடுப்பீர்களா?' என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சுற்றுலாவாகக் குறுகிய காலம் இந்தோனேசியா செல்ல மலேசியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2024 பிப்ரவரி முதல் பாலிக்குச் செல்லும் வெளிநாட்டுப் பயணிகள் 150,000 ரூபியா கட்டணம் செலுத்த வேண்டும். இந்தியாவுக்கு மின்-விசா வேண்டும். இலங்கைக்கான அனுமதி நடைமுறையும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால், அந்தந்த அரசின் அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் பாருங்கள். விசா வாங்கித் தருவதாகச் சொல்லும் போலித் தளங்களும் உண்டு.

2024 அக்டோபரில் அறுகம்குடா பகுதிக்குச் செல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. சில வாரங்களில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இப்படித் திடீர் நிலைமைகள் வரலாம். எனவே புறப்படும் முன் விஸ்மா புத்ராவின் பயண அறிவிப்பைப் பார்த்துவிட்டு, வெளிநாடு செல்லும் மலேசியர்களுக்கான பதிவையும் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் முகாமுக்கு அனுப்ப வேண்டாம். முன்பணம் மட்டும் கட்டி, மீதியை அங்கே போய்க் கடலையும் பயிற்றுநரையும் பார்த்த பிறகு கொடுங்கள். முகாமின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.