திருடன் கையில் ஒரு பட்டியல்

நெட்பிளிக்ஸில் 'லூபின்' என்று ஒரு தொடர் வந்தது அல்லவா? அதைப் பார்த்த பேரப்பிள்ளைகளெல்லாம் "லூபின், லூபின்" என்கிறார்கள். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அவன் லுப்பேன். அர்சேன் லுப்பேன். பிரவே பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்த பெயர். அப்போது எனக்கு அவன் வெறும் கெட்டிக்காரத் திருடன்தான். கவர்ன்மா உத்தியோகத்தில் முப்பது வருஷம் கோப்பு தள்ளி ஓய்வு பெற்ற பிறகு மறுபடி எடுத்துப் படித்தபோதுதான், அந்தக் கதைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய ஊழல் வழக்கு நிற்பது கண்ணில் பட்டது.

முதலில் கதையின் விளையாட்டைச் சொல்கிறேன். துப்பறியும் கதை என்றால் குற்றவாளி ஒளிந்திருப்பான், புத்திசாலி ஒருவர் கண்டுபிடிப்பார், நாம் அந்தப் புத்திசாலியின் பக்கம் நிற்போம். மொரீஸ் லெப்லான் 1905 ஜூலையில் 'ழெ சே தூ' என்ற பத்திரிகையில் எழுதிய முதல் கதையிலேயே இதைக் கவிழ்த்துவிட்டார். அமெரிக்கா போகும் கப்பலில் லுப்பேன் மாறுவேடத்தில் இருக்கிறான் என்று தந்தி வருகிறது. எல்லோரும் எல்லோரையும் சந்தேகிக்கிறார்கள். நமக்குக் கதை சொல்லிக்கொண்டு வருகிற ஆள்தான் லுப்பேன் என்று கடைசியில் தெரிகிறது. அதைவிடப் பெரிய வேடிக்கை, முதல் கதையிலேயே கதாநாயகன் பிடிபட்டுப்போகிறான்.

அடுத்த கதையில் அவன் சிறையில் இருந்துகொண்டே ஒரு பணக்கார பாரனுக்குப் பதிவுத் தபால் அனுப்புகிறான். இன்னின்ன ஓவியங்கள், இன்னின்ன சாமான்கள் எனக்கு வேண்டும், கட்டிப் போக்குவரத்துச் செலவும் கட்டி ரயிலில் அனுப்பிவிடுங்கள் என்று சாமான் பட்டியலோடு கடிதம். பெரிய வாத்தோ ஓவியம் மட்டும் வேண்டாமாம், அது நகலாம்! ஆபீசில் எத்தனையோ சரக்குப் பட்டியல் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை. அந்த பாரன் பங்குச் சந்தையில் சம்பாதித்தவன், ஊரார் அவனை 'பாரன் சாத்தான்' என்றுதான் அழைப்பார்கள். வாசகனுக்கு அவன் மேல் துளி இரக்கம் வராது.

ஏன் வராது என்பதற்குத்தான் பனாமாவுக்குப் போக வேண்டும்.

சூயஸ் கால்வாயை வெட்டிய பெர்தினான் தெ லெசெப்ஸ் பனாமாவிலும் வெட்டப்போகிறேன் என்று கம்பெனி தொடங்கினார். அவர் பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் சிறு சேமிப்புக்காரர்கள். மலைப்பாறையும் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் பணத்தையும் ஆட்களையும் விழுங்கின. மேலும் பணம் திரட்ட லாட்டரிப் பத்திரம் வெளியிட வேண்டும், அதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். 1888-ல் சட்டம் நிறைவேறியது. எப்படி நிறைவேறியது என்பது நாலு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. இதற்கிடையில் 1889-ல் கம்பெனி மூழ்கிவிட்டது. சுமார் 8 லட்சம் பேர் போட்ட பணம் போயிற்று.

1892 நவம்பரில், லஞ்சம் கைமாற இடைத்தரகராக இருந்த பாரன் ரெய்னாக் திடீரென்று இறந்தார். அவரை வருஷக்கணக்காக மிரட்டிப் பணம் பறித்துக்கொண்டிருந்த கொர்னேலியுஸ் ஹெர்ஸ் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் வாங்கினார்கள் என்று பேச்சு. முடிவில் அரசியல்வாதிகளில் சிறைக்குப் போனவர் ஒரே ஒருவர், முன்னாள் பொதுப்பணி மந்திரி பாயோ. அவர் வாங்கியது 375,000 பிராங்க். அவர் அகப்பட்டதற்குக் காரணம், வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டதுதான்! மற்றவர்கள் இல்லை என்றார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது 1912-க்கு வாருங்கள். 'லெ ழூர்னால்' நாளிதழில் லெப்லான் 'பளிங்கு மூடி' என்ற நாவலைத் தொடராக எழுதுகிறார். அதில் 'இரு கடல் கால்வாய்' என்று ஒரு கம்பெனி. லஞ்சம் வாங்கிய 27 பேரின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அது தோப்ரெக் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் கையில் சிக்கியிருக்கிறது. அதை வைத்து அவன் மற்றவர்களைக் கறக்கிறான். இருபது வருஷத்துக்கு முந்தைய விவகாரம்தான், ஆனாலும் இது எந்தக் கால்வாய் என்று வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். போலீஸும் லுப்பேனும் பளிங்கு மூடி ஒன்றைத் தேடி வீட்டையே குடைகிறார்கள். தேடும் பொருள் தோப்ரெக்கின் முகத்திலேயே இருக்கிறது, அவனுடைய கண்ணாடிக் கண்ணுக்குள். லுப்பேன் இந்தக் கதையில் தோற்றுக்கொண்டே போகிறான். அவனுடைய கூட்டாளிப் பையன் ழில்பேர், தான் செய்யாத கொலைக்காக கில்லட்டினுக்குப் போகவிருக்கிறான். திருடன் ஒருவன் பணத்துக்காக அல்லாமல் ஓர் உயிருக்காக அலைகிறான். கடைசியில் தண்டனை குறைவது கருணை மனுவால் அல்ல. அந்தப் பட்டியலையும், போலீஸ் மேலதிகாரி ஒருவரையே சங்கடத்தில் மாட்டும் கடிதங்களையும் வைத்து நடக்கும் பேரத்தால். எத்தனையோ மனுக்களுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் தட்டச்சு செய்தவன் நான். அந்த இடத்தைப் படிக்கும்போது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

லெப்லானை நான் புரட்சிக்காரர் என்று சொல்லமாட்டேன். 1905 மார்ச்சில் அமியேன் நகரில் விசாரிக்கப்பட்ட மரியுஸ் ழாக்கோப் என்ற அராஜகவாதித் திருடன்தான் லுப்பேனுக்கு மாதிரி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ழாக்கோப்புக்குக் கொள்கை இருந்தது, ஆயுள் முழுக்கக் கடின உழைப்புத் தண்டனையும் கிடைத்தது. லுப்பேனுக்குப் பட்டுத்தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியும் போதும். ஆனால் திருடனைக் கதாநாயகனாக நிறுத்தினால் ஜனங்கள் முகம் சுளிக்காத காலம் வந்துவிட்டது என்பதை லெப்லான் மோப்பம் பிடித்தார். சேமிப்பை இழந்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை அப்போது பத்திரிகை படிக்கும் வயதுக்கு வந்திருந்தது.

இன்னொரு தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பனாமா விவகாரத்தில் பெயர் அடிபட்டு 1892 டிசம்பரில் நிதி மந்திரி பதவியை விட்டவர் மொரீஸ் ரூவியே. வழக்கு அவர் மேல் நிற்கவில்லை. 1905 ஜூலையில் லுப்பேன் முதன்முதலாகக் கப்பல் ஏறியபோது பிரான்சின் பிரதம மந்திரி அவர்தான்.