சொல்லும் திருவிருந்தும்: தரங்கம்பாடி லுத்தரன் சபையில் ஊழிய நெறியும் சாதியும்

லுத்தரன் சபைகளில் போதக ஊழியத்திற்கு அடிப்படையாக அமைவது 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையாகும். அதன் ஐந்தாம் பிரிவு நற்செய்தியைப் போதித்தலையும் திருவருட்சாதனங்களை வழங்குதலையும் ஒரே ஊழியமாக இணைத்துக் கூறுகிறது. முறையாக அழைக்கப்படாத எவரும் அவ்விரண்டையும் சபையில் செய்தலாகாது என்பது பதினான்காம் பிரிவு. அழைப்பு ஒன்றே அங்குத் தகுதியாகச் சுட்டப்படுகிறது. பிறப்பைப் பற்றிய பேச்சே இல்லை. இந்நெறி தமிழ்மண்ணில் சாதியை எதிர்கொண்டபோது சொல்லும் திருவிருந்தும் எவ்வாறு தனித்தனியே பிரிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, மக்கள் தம் தாய்மொழியிலேயே வேதத்தை அறிய வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முற்றுப்பெற்றது. மறு ஆண்டு உள்நாட்டு ஊழியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி தொடங்கியது. எனினும் பயிற்சி பெற்றோர் நெடுங்காலம் உபதேசியார்களாகவே இருந்தனர். அவர்கள் போதிக்கலாம், செபம் நடத்தலாம், நோயுற்றோரைச் சந்திக்கலாம். திருவிருந்து வழங்க இயலாது. தஞ்சை நாட்டின் உட்பகுதிகளுக்கு ஐரோப்பியர் எளிதில் செல்ல முடியாத நிலையில், அங்கிருந்த சபையாருக்கு இது பெருங்குறையாயிற்று. 1733 டிசம்பர் 28 அன்று ஆரோனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டதற்கு இத்தேவை முக்கியக் காரணம். கடலூரில் பிறந்த வேளாளரான இவரே புராட்டஸ்டண்டுச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர்.

ஆரோனைப் பற்றி எழுதியோர் பலர். ராஜநாயக்கனோ சபை வரலாறுகளில் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறார். இவர் தஞ்சை மராத்திய மன்னரின் படைவீரர், கத்தோலிக்கக் குடும்பத்தினர், பறையர் சமூகத்தவர். தரங்கம்பாடியில் அச்சான வேதப்பகுதி கைக்குக் கிடைத்து, அதைப் படித்தே லுத்தரன் சபையை நாடி வந்தார். அச்சிட்ட தமிழ்ச் சொல் ஒருவரை விசுவாசத்திற்கு இட்டுச்செல்லும் என்ற சீகன்பால்கின் நம்பிக்கைக்கு இவரினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. பின்னர் உபதேசியாராகி, கடும் எதிர்ப்புகளுக்கு நடுவே தஞ்சைப் பகுதியில் சபையை வளர்த்தார். அடுத்த குருப்பட்டத்திற்குரியவரைத் தேர்ந்தபோது இவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆயினும் 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு. ராஜநாயக்கனின் தகுதியை மிஷனரிகள் மறுக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து பெற மேற்சாதிக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்பதே அவர்களின் தயக்கம். சாகும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

இதனைத் தனிமனிதருக்கு நேர்ந்த அநீதியாக மட்டும் கொள்வது போதாது. அவர் வாய்ச்சொல்லை ஏற்ற சபை, அவர் கையிலிருந்து அப்பத்தையும் இரசத்தையும் ஏற்காது என்று கருதப்பட்டது. கேட்டலில் தீட்டு இல்லை, உண்ணலில் உண்டு. உடனுண்ணலைப் பற்றிய சமூக விதி, விசுவாச அறிக்கை ஒன்றாகக் கட்டிய ஊழியத்தை இரண்டாக வெட்டியது. அழைப்பு என்பது சபையின் இசைவையும் உள்ளடக்கியதுதானே என்று மிஷனரிகள் சார்பில் வாதிடலாம். அவ்வாறாயின் இசைவு மறுப்பதற்கான காரணம் நற்செய்திக்கு உகந்ததா என்று வினவும் கடமையும் அவர்களுக்கு இருந்தது. ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகளை ஏற்றுக்கொண்டவர்களிடம் அவ்வினா எழுவது எளிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தயக்கம் ஒரு கோட்பாடாகவே வடிவெடுத்தது. தரங்கம்பாடிப் பணியைத் தொடர்ந்த லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரௌல், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த தமிழறிஞர். சாதி பெரிதும் உலகியல் ஒழுங்கைச் சார்ந்தது; சட்டத்தால் ஒழிக்க முற்படாமல் நற்செய்தியின் தாக்கத்தால் அது மெல்ல மறையட்டும் என்பது அவர் நிலைப்பாடு. தமிழ்ச் சமூகத்தை நன்கறிந்தவரே இவ்வாறு கருதினார் என்பது கவனிக்கத்தக்கது. இதனை ஏற்க மறுத்த மிஷனரி கார்ல் ஓக்ஸ் லைப்சிக் மிஷனிலிருந்து விலகினார். 1860களில் டேனிஷ் மிஷனரி சங்கத்தின் ஆதரவுடன் மேல்பட்டாம்பாக்கத்தில் அவர் வேரூன்றச் செய்த பணியே பிற்கால ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம். ஒரே விசுவாச அறிக்கையை ஏற்ற இரு திருச்சபைகள் தமிழகத்தில் தனித்தனியே உருவானதற்கு இப்பிரிவும் ஒரு காரணமாயிற்று.